புல்லட்டுக்கு ஏற்ற ஜெட்

புல்லட் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் வண்டியின் க்ஷேமத்தை அது நின்ற நிலையில் அடிக்கும் தாளத்தைக் கொண்டே நிர்ணயிக்கிறார்கள் என்பதும், அந்தப் பிரியத்தை நன்கறிந்த மெக்கானிக்குகள் புதுக் கார்புரேட்டரை மாட்டிய கையோடு ஐடிலிங் ஸ்குருவை நாலு திருகு திருகி, தாளம் நிதானப்பட்டதும் ‘செட் ஆயிடுச்சு சார்’ என்று சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதும் வெகுநாளாக என் மனத்தை உறுத்தி வரும் விஷயங்கள். அந்தத் தாளம் காதுக்கு இன்பமானதுதான். ஆனால் நெடுஞ்சாலையில் முறுக்கி ஓட்டும்போது சிலிண்டருக்குள் நடப்பதைப் பற்றி அது நமக்கு எதையும் சொல்வதில்லை.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் தயாரித்த பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 346 சி.சி. கொள்ளளவு உடையது, 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட, அவசரமே அறியாத யந்திரம். அதன் அமல் கார்புரேட்டரில் வருஷக்கணக்காக மேலும் கீழும் உராய்ந்த ஸ்லைடு தேய்ந்து, இடுக்கு வழியே காற்றுப் புகத் தொடங்கினால், எந்த ஸ்குருவைத் திருகியும் பயனில்லை; ஆகவே 24 மி.மீ. வாயுள்ள மிக்கார்ப் கார்புரேட்டரை வாங்கிப் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டுவதில் தோஷமில்லை. போல்ட் பொருந்திவிட்டதனாலேயே பெட்ரோலும் பொருந்திவிடும் என்று எண்ணுவதும், பழையதில் இருந்த மெயின் ஜெட்டின் எண்ணையே சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கேட்டு வாங்கிப் புதியதில் போடுவதும்தான் தோஷம். அமல் ஜெட்டின் எண், நிமிஷத்துக்கு இத்தனை சி.சி. பெட்ரோல் அதன் வழியே பாயும் என்ற கணக்கில் இடப்பட்டது. பிற கம்பெனிகளின் எண்களுக்குக் கணக்கு வேறு. மேலும், சைலன்ஸரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிய வண்டி கூடுதலாகக் காற்றை இழுக்கும் என்பதால், அடுத்த வீட்டுப் புல்லட்டின் ஜெட் நம் புல்லட்டுக்குப் பிரமாணமாகாது.

வேலையைக் கிரமமாகச் செய்வதற்கு முதலில் ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடிட்டுக்கொள்ள வேண்டும். ஏனெனில் மூடிய நிலையிலிருந்து அரைக்கால் திறப்பு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குருவும், அங்கிருந்து கால் வரை ஸ்லைடின் வெட்டும், காலிலிருந்து முக்கால் வரை நீடிலும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் ஆதிக்கம் செலுத்துகின்றன. கோடுகளுக்கிடையே எல்லைகள் ஒன்றோடொன்று கலந்தாலும், கோளாறு எந்தக் கோட்டருகே தோன்றுகிறதோ அதற்குரிய பாகத்தைத்தான் தொட வேண்டும். முதலில் மெயின் ஜெட்; தேவைக்குச் சற்றுப் பெரியதாகவே தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பது உத்தமம், ஏனென்றால் பெட்ரோல் மிகுந்த கலவை பிளக்கைத்தான் கரியாக்கும், குறைந்த கலவையோ பிஸ்டனையே சிதைக்கும். ஆளரவமற்ற நேர்ச்சாலையில் முழுதும் திறந்து ஓடும்போது பிடியை இம்மியளவு தளர்த்திப் பாருங்கள். வேகம் கணநேரம் கூடினால் ஜெட் சிறியது என்பது பிரத்தியட்சம்.

அதன்பின் கிளட்சைப் பிடித்து, அதே கணத்தில் எஞ்சினையும் அணைத்து, வண்டியை உருளவிட்டு நிறுத்தி, வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதைப் போலப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாது. கரி படிந்திருந்தால் அதிகம். காப்பிப்பொடி நிறம் சரி. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு மறைந்தபின் நிறம் அவ்வளவு சீக்கிரம் படிவதில்லை. ஆகையால் பீங்கானின் நுனியோடு நிற்காமல், அது இரும்புக்குள் இறங்கும் அடிவாரத்தில் தெரியும் மெல்லிய வளையத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பது நலம்.

ஜெட் கிடைக்காவிட்டால் கம்பியை விட்டுத் துளையைப் பெரிதாக்கிவிடும் வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். ஒரு பித்தளை ஜெட்டை வெளிச்சத்துக்கெதிரே பிடித்து, மயிரிழை போன்ற அந்தத் துவாரத்தின் வழவழப்பைக் கண்டவர்கள், அதில் கம்பியைக் குத்த மனம் துணியமாட்டார்கள். குத்தியபின் மேலே பொறித்த எண் பொய்யாகிவிடுகிறது, அடுத்த மெக்கானிக் அந்தப் பொய்யை நம்பி வேலை செய்கிறார்.

இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலப்புக்கோ ஏறக்குறைய 13.5 கிலோவே போதும். இதை வேறு விதமாகச் சொன்னால், அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தேவை. பழைய பெட்ரோலுக்குக் கச்சிதமாக அமைந்த ஜெட், நாம் யாதொன்றும் செய்யாமலே இன்று சிறியதாகிவிட்டது. கார்புரேட்டருக்குள்ளேயே பெட்ரோல் ‘பட் பட்’டென்று திருப்பித் துப்புவதும், ஏற்றத்தில் எஞ்சின் தட்டுவதும், சிலிண்டர் அளவுக்கு மீறிச் சுடுவதும் வயோதிகத்தின் அடையாளங்கள் என்று தங்கள் வண்டியை விற்க நினைக்கும் அன்பர்கள், முதலில் மேனிஃபோல்டில் காற்றுக் கசிகிறதா என்று பார்த்து, கசிவில்லையேல் ஒரு எண் பெரிய ஜெட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.

உதகமண்டலம் போகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் கலவை கனத்து, வண்டி மூச்சு முட்டிப் புகை கக்கும். சில நாள் தங்கப் போகிறவர்கள் சிறிய ஜெட் ஒன்றை எடுத்துப்போய் மாட்டலாம். ஆனால் மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும், கோயம்புத்தூர்ச் சாலையில் முறுக்குவதற்கு முன்னால், பழைய ஜெட்டைத் திரும்ப மாட்டிவிட வேண்டும்.