விசிறியின் வேகமும் கூலியின் கணக்கும்

"சிக்கனமாக இருங்கள்" என்ற புத்திமதி மலையகத்தில் எப்போதும் மேலிருந்து கீழே மட்டுமே வருகிறது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தபோது எங்கள் வீடுகளிலும் லயத்து அறைகளிலும் பல்புகள் நேரத்தோடு அணைந்தன. தேயிலைத் தொழிற்சாலைகளின் மின்பட்டியலும் அப்படியே ஏறியது. ஆனால் தோட்டத்தின் செலவைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கடைசியில் தொழிலாளியின் கூலியில்தான் வந்து நிற்கிறது. நாட்சம்பளம் 1000 ரூபா என 2021 மார்ச்சில் வர்த்தமானி வெளியானதும் பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போனது நமக்கு நினைவிருக்கும்.

உற்பத்திச் செலவில் கூலியே பெரும்பங்கு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த பங்கையும் கொஞ்சம் பார்க்கலாமே.

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நான்கரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி மூன்றரை கிலோவும் தண்ணீர். அதைப் போக்குவதுதான் தொழிற்சாலையின் பெரிய வேலை. முதலில் நீண்ட தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றடித்து வாட்டுகிறார்கள். இதற்கு இரவு முழுவதும் தேவைப்படும். பிறகு உருட்டி, புளிக்கவிட்டு, விறகு அடுப்பின் சூட்டில் உலர்த்துகிறார்கள். மின்சாரத்தை அதிகம் விழுங்குவது வாட்டும் விசிறிகளே.

பௌதிகவியல் படிக்கும் தோழியருக்கு இது புரியும்: விசிறி எடுக்கும் வலு அதன் வேகத்தின் மும்மடிக்கு விகிதசமமானது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். 0.8ஐ மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள், 0.512 வரும். கொழுந்து ஈரமாக வந்திறங்கும்போது முழுக்காற்று தேவை. பாதி வாடிய பின் அவ்வளவு தேவையில்லை. ஆனால் வேகத்தை மாற்றும் கருவி பொருத்தாத விசிறி, விடியும்வரை ஒரே வேகத்தில்தான் சுற்றும்.

நேரமும் ஒரு செலவுதான். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் மிக விலை கூடியது. வாட்டுவதையும் உருட்டுவதையும் தள்ளிப்போட முடியாது, கொழுந்து காத்திருக்காது. சலித்துத் தரம் பிரிக்கும் வேலை காத்திருக்கும். அதை அந்த நான்கு மணிநேரத்தில் செய்யாமல் விட்டால் தேயிலைக்கு ஒரு குறையும் வராது.

விறகின் கதை இன்னும் எளிது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அதை மழையில் நனையவிட்டு அடுப்பில் போட்டால், தேயிலையைக் காய்ச்ச வேண்டிய சூடு விறகைக் காய்ச்சவே போய்விடும். ஒரு கூரையும் சில மாதப் பொறுமையும் போதும். நம்மூர் மழைக்குக் கூரையில்லாத விறகுக் குவியலைப் பார்த்தால், வுழூ செய்கையில் குழாயைத் திறந்துவிட்டால் திட்டும் என் உம்மா என்ன சொல்வாரோ!

காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் கண்ணெதிரே கிடப்பதால் மின்சாரம் நம்மூர்ச் சரக்கு என்றொரு நினைப்பு நமக்கு. வரட்சி வந்து நீர் இறங்கினால் அதே மின்சாரத்துக்கு நிலக்கரியும் எண்ணெயும் கப்பலில் வர வேண்டும்.

இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பில்லை. தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலேயே இருக்கிறது. குறைவது அறிவு அல்ல, யாரைக் கேட்பது என்ற எண்ணம். வாட்டும் தொட்டியருகே நிற்கும் தொழிலாளி, ஒரு பிடி கொழுந்தைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தே வாட்டம் போதுமா என்று சொல்லிவிடுவார். விசிறியைக் குறைக்கும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை. அதை அவரிடம் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கூடவே இன்னொன்று. ஒவ்வொருவர் பறித்த கொழுந்தையும் கிராம் தவறாமல் நிறுத்து எழுதுகிறோம். நேற்றிரவு எத்தனை அலகு மின்சாரம் ஓடியது, எவ்வளவு விறகு எரிந்தது என்பதையும் தொழிற்சாலை வாசலில் ஒரு பலகையில் தினமும் எழுதட்டும். மாதக் கடைசியில் மிச்சமானதில் ஒரு பங்கு அந்தத் தொட்டியருகே நின்றவரின் சம்பளத்தில் சேரட்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கம்பனிகள் வரும்போது அந்தப் பலகையின் கணக்கையும் எடுத்துக்கொண்டு வரட்டும்.