பட்டுக்குக் காவல், பாப்பாவுக்கு?

காஞ்சிப் பட்டுச் சேலையை மடித்து வைக்கும்போது, துணியில் முடிந்த வசம்புத் துண்டு ஒன்றையும் பாட்டி பெட்டிக்குள் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மணத்துக்குப் பூச்சி அண்டாது. அதே வசம்பைத்தான் விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் இழைத்து, வயிறு உப்பிய குழந்தையின் நாக்கிலும் தடவுகிறோம். 'பிள்ளை வளர்ப்பான்' என்றே அதற்குப் பெயர்!

வேர் என்கிறோமே தவிர, இஞ்சியைப் போல் இதுவும் மட்டநிலத்தண்டுதான். சீன மருத்துவத்திலும் இதன் இனத்துக்கு இடமுண்டு. பூச்சியை விரட்டுவதில் பெரும்பங்கு இதிலுள்ள பீட்டா அசரோன் என்னும் பொருளுக்கு. நம் நாட்டு வசம்பில் அது மிகுதி. வசம்பு எண்ணெய் கலந்த உணவை நெடுநாள் தின்ற எலிகளுக்குக் குடலில் கட்டிகள் தோன்றின. 1968-இல் அமெரிக்கா உணவுப் பொருள்களில் வசம்பைச் சேர்க்கத் தடை விதித்தது.

எலி தின்ற அளவு வேறு, குழந்தைக்குத் தடவும் அளவு வேறு என்று பாட்டி வாதிடலாம். நியாயமே. சுடும்போது எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகும் என்பதும் சரி. ஆனால் எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிஞ்சிற்று என்று எந்த வீட்டில் அளக்கிறார்கள்? சித்த மருத்துவர்கூட வசம்பைச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்க்கிறார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய துண்டு அப்படிப்பட்டதல்ல. என்னைக் கேட்டால், அது பட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும். தம்பிப் பாப்பா விடாமல் அழுதால் மருத்துவரிடம் தூக்கிச் செல்லச் சொல்லுங்கள்.