துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும்

மனநோய் இந்நாளில் ஏன் இத்துணை பெருகிக் காணப்படுகிறது என்னும் வினா நம் இல்லங்களில் எழாமல் இல்லை. 'ஈமான் குறைந்துவிட்டது, அதனால்தான்' என்று விடை கூறி நம்மில் பலர் அமைந்துவிடுகின்றனர். இவ்விடை எளிதானது; உண்மையானதன்று.

மகனைப் பிரிந்த துயரால் கண்கள் வெளுத்துப்போன யாகூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆன் யூசுப் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. கதீஜா நாயகியாரும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றில் துயர ஆண்டு என்றே வழங்குகிறது. நபிமார்களின் நெஞ்சையே துயரம் வாட்டியிருக்க, வாடும் உள்ளத்தை ஈமானற்ற உள்ளம் என்று தீர்ப்புக் கூற நாம் யார்?

934இல் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி, உடலைப் போலவே உள்ளமும் நோயுறும் என்று எழுதினார். காரணம் அறிந்த துயரம் வேறு, காரணம் அறியாத துயரம் வேறு என்று பிரித்துக் காட்டி, பின்னதற்கு உடல் சார்ந்த மருத்துவமும் தேவை என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நம் முன்னோர் அறிந்ததை நாம் மறந்தோம்.

மறதியின் விலை பெரிது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடி தர்காவை அடுத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பியோட வழியின்றி மாண்டனர். எவ்வகையிலும் நோயாளியைச் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விதித்துள்ளது. இரும்புச் சங்கிலி அகன்றாலும், நாணம் என்னும் சங்கிலி இன்னும் அகலவில்லை. 2015-16இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மனநலக் குறைவு உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. பெருநகரங்களில் இந்நோய் மிகுதி என்றும் அவ்வாய்வு கூறுகிறது.

இதற்குக் காரணங்கள் பல; பரம்பரையும் ஒன்று, வாழ்க்கை நெருக்கடியும் ஒன்று. எனினும், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என நீளும் நம் புறநகர்களில் ஒரு காரணத்தைக் கண்கூடாகக் காணலாம். சொந்த ஊரில் முகம் வாடினால் ராத்தாவும் சாச்சியும் கண்டுகொள்வர். இங்கோ, கணவர் இருட்டோடு மின்சார ரயிலேறிச் சென்று இருட்டிய பின் திரும்புகிறார்; அல்லது வளைகுடாவில் இருக்கிறார். அடுக்குமாடியின் மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பெண் உண்ணாமலும் உறங்காமலும் வாடுவதை அடுத்த வீட்டார் அறியார். அறிந்த உறவினரோ, 'வெளியில் தெரிந்தால் குமருக்கு மாப்பிள்ளை அமையாது' என்று மறைக்கின்றனர்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நீரிழிவுக்கு மாத்திரை உண்பது ஈமானுக்கு இழுக்கன்று. மனநோய்க்கு உண்பதும் அவ்வாறே. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கிறது. துஆவைக் கைவிட வேண்டியதில்லை. துஆவைக் காரணம் காட்டி மருந்தைத் தடுக்காதிருத்தல் வேண்டும்.

இன்று ஜும்ஆ முடிந்து இல்லம் திரும்புமுன், சில வாரங்களாகத் தொழுகை வரிசையில் காணாத ஒருவரை நினைவுகூர்வோம். அவர் வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரிப்போம். நோயாளியைச் சென்று காண்பது முஸ்லிம் மீது முஸ்லிமுக்குள்ள கடமை. மனம் நோயுற்றவரும் நோயாளியே.