பெட்டைக் குட்டிகள்

விடியற்காலையில் அந்த ஆச்சியின் படலையில் உரப்பை ஒன்று தொங்கும். சில நாள் மீன்பெட்டி, சில நாள் பழைய சாரத்தில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் கண் திறக்காத குட்டிகள்: மூன்று, நான்கு, ஒருமுறை ஏழு. அநேகமாக எல்லாம் பெட்டை. கடுவனை வீட்டுக்காரர் வைத்துக்கொள்வார், இல்லாவிட்டால் கேட்டு வைத்த சொந்தக்காரர் கொண்டுபோவார். பெட்டைகளுக்குத்தான் ஆச்சியின் படலை.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசி வளவு அது. போன ஆவணியில் நாங்கள் ஆறு பேர் அங்கே போனோம். என்னிடம் படித்த பிள்ளைகள் நான்கு பேர், பட்டா வாகனம் ஓடும் ஒரு தம்பி, நான். பக்கத்து வளவுக்காரர் சொல்லித்தான் போனோம். அவருடைய கோழிகளையும் ஓர் ஆட்டுக்குட்டியையும் நாய்கள் பிடித்துவிட்டன. "ரீச்சர், நீங்கள் ஏதும் செய்யாட்டி நான் நஞ்சு வைக்கிறதைத் தவிர வேற வழியில்லை" என்றார். அவர் கெட்டவர் அல்லர். மூன்று வருடம் பொறுத்தவர்.

முதல் நாள் எண்ணியே முடியவில்லை. ஒருவர் 38 என்றார், இன்னொருவர் 43 என்றார். பிறகு பிடிபட்டவற்றின் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டிக் கட்டி எண்ணினோம். 41. அதில் 29 பெட்டை. ஆச்சியின் குசினியில் இருந்தது ஒரே ஒரு பெரிய சட்டி. அதில் காலையும் மாலையும் குறுணல் அரிசியும் தேங்காய்ப்பூவும் அவியும். முதியோர் கொடுப்பனவு கையில் வந்தவுடன் பெரும்பாலும் அரிசியாகிவிடும். வலுத்த நாய்கள் தின்றன. மெலிந்தவை தள்ளி நின்று பார்த்தன. கொட்டிலின் பின்பக்கம் இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. ஆச்சிக்கு அது தெரியவில்லை. "நித்திரை கொள்ளுதுகள் பிள்ளை" என்றார். எனக்கு அந்த இடத்தில் பேச்சு வரவில்லை.

ஒரு பெட்டையை மடியில் வைத்து உண்ணி எடுத்தேன். காதின் உள்மடிப்பில் ஆமணக்கு விதைகளை அடுக்கி வைத்ததுபோல் இருந்தன, இரத்தம் குடித்து ஊதிச் சாம்பல் நிறமாகி. சாவணத்தால் பிடித்து இழுத்து மண்ணெண்ணெய் ரின்னில் போட்டோம். ஒரு காதில் மட்டும் 60க்கு மேல். முதுகில் மயிரே இல்லை. குட்டை பிடித்துத் தோல் தடித்து, வெடித்து, காய்ந்த குளத்து மண்போல் இருந்தது. அந்த நாய் ஒரு முனகல்கூட முனகவில்லை. முழுநேரமும் ஆச்சியையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009 தையில், இறுதிப் போரில் கிளிநொச்சி விழுந்த நாட்களில் எல்லோரும் போனதுபோல் அவரும் கிழக்கே போனார். பிறகு செட்டிகுளம், மெனிக் பாம் முகாம். இரண்டு ஆண்பிள்ளைகள் திரும்பி வரவில்லை. 2010இல் வளவுக்கு வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. குசினி மூலையில் யாருடையதோ ஒரு நாய் குட்டி போட்டுக் கிடந்தது. "அது எங்கட நாய் இல்லை. ஆனா என்னைக் கண்டிட்டு வாலாட்டினது. வேற ஆர் என்னைக் கண்டு வாலாட்டினது?" என்று கேட்டார்.

அந்த இடம்பெயர்வில் மாடுகளை அவிழ்த்துவிட்டோம், கோழிக்கூடுகளைத் திறந்துவிட்டோம், நாய்களின் சங்கிலியைக் கழற்றிவிட்டோம். எங்கள் நாய் ஜிம்மி லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் விசுவமடு வரைக்கும் ஓடி வந்தது. அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆச்சியிடம் அன்பு இருந்தது. பராமரிப்பு இருக்கவில்லை. 41 நாய்களும் பட்டினியிலும் சொறியிலும் கிடந்தன. பராமரிக்க முடியாத எண்ணிக்கையில் விலங்குகளைச் சேர்த்துவைத்து, அவை வாடுவதைக் காணமுடியாமல் போவதை ஒரு நோயாகவே மருத்துவ உலகம் இன்று பார்க்கிறது. அமெரிக்காவின் ரவ்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கரி பற்றோனெக் என்ற மிருக வைத்தியர் 1990களில் இதை ஆராயத் தொடங்கினார். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில், பொருள்களைச் சேர்த்துக் குவிக்கும் கோளாறோடு இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய இழப்புக்குப் பிறகு இது தலைதூக்குவது உண்டு. நாய்களை மட்டும் அள்ளிக்கொண்டு போய், அந்த மனிதரை வெறும் வளவில் விட்டுவிட்டால் சில மாதங்களில் மறுபடி சேர்ந்துவிடும் என்றும் அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள்.

ஆச்சியின் விடயத்தில் அந்த விளக்கம் பாதிதான் பொருந்தும். அவர் தேடிப் போய் நாய் சேர்க்கவில்லை. ஊர்தான் கொண்டுவந்து கட்டியது. என் பிள்ளைப் பராயத்தில் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. பெட்டைக் குட்டிகளை உரப்பையில் போட்டு, அண்ணாவிடம் கொடுத்து, வைரவர் கோயிலடியில் விட்டுவரச் சொல்வார் அம்மா. நாயை வாகனமாகக் கொண்ட சாமியின் வாசலில் விட்டால் பாவம் இல்லை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒரு பெட்டை நாய் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். இரண்டு மாதச் சூல், ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டி. பயம் அந்தக் கணக்கில்தான். அதற்கு மருந்து உரப்பை அல்ல, கருத்தடை.

இலங்கையில் 2006இல் தெருநாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்டது. தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி என்று அரசு ஏற்றுக்கொண்டது. 1973இல் இந்த நாட்டில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்களுக்கு ஊசி போட்டதும், கடிபட்டவர்கள் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனதும்தான் இதற்குப் பெரிய காரணங்கள். எங்களில் ஒரு பிள்ளைக்கும் கடி விழுந்தது. 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனேயே ஊசிக்குக் கூட்டிப்போனோம். சட்டத்தின் பக்கம் நிலைமை வெட்கம்: விலங்கு வதையைத் தடுக்க நம்மிடம் உள்ளது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதில் ஆகக்கூடிய தண்டப்பணம் 100 ரூபாய்.

எல்லோரும் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "இயக்கச்சிக்கு ஏத்திவிடலாமே?" ஆனையிறவைத் தாண்டி ஏ9 வீதியில் போகிறவர்களுக்கு இயக்கச்சி தெரியும். ஆறு. திருமுருகன் அவர்களின் சிவபூமி அறக்கட்டளை அங்கே நாய்களுக்கென்றே ஒரு சரணாலயம் நடத்துகிறது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் இடம் கொடுத்த அதே கை, தெருவில் எறியப்பட்ட நாய்க்கும் நீண்டது. வடக்கில் இதைவிடப் பெரிய காரியம் நாய்களுக்கு யாரும் செய்ததாக நான் அறியேன். அதனால்தான் எங்கள் 41ஐயும் அங்கே இறக்குவதில்லை என்று நாங்களே முடிவெடுத்தோம். கால் முறிந்ததும் கண் போனதும் முதுமையில் கைவிடப்பட்டதும் போய்ச் சேரவேண்டிய இடம் அது. நடக்கிற, குரைக்கிற நாய்களை அங்கே தள்ளினால், ஆச்சியின் படலையில் உரப்பை கட்டியவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? அயல்நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது: 2025 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்கள் எல்லாவற்றையும் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. 11 நாளில் அந்தக் கட்டளையை மாற்றி, விசர் பிடித்ததும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்றது. எந்தக் கூட்டுக்கும் ஓர் அளவு உண்டு.

ஆகவே வீடு தேடினோம். அதற்கு முன் உடம்பைத் தேற்ற வேண்டியிருந்தது. முதல் நாள் நாங்கள் ஒரு கிடாரம் இறைச்சிச் சோற்றோடு போய் இறங்க, நாங்கள் கூப்பிட்டிருந்த மிருக வைத்தியர் தடுத்துவிட்டார். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக உணவு போனால் இரத்தத்தில் உப்புச் சத்துகள் சரிந்து உயிரே போகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஐந்து தடவை கொடுத்தோம். உண்ணி குடித்து இரத்தம் வற்றிய நாய்களுக்கு மயக்கமருந்து கொடுக்க முடியாது என்பதால், சத்திரசிகிச்சைக்கே ஆறு வாரம் காத்திருந்தோம். அதற்குள் ஐந்து போய்விட்டன, நான்கு குட்டிகளும் ஒரு கிழட்டுப் பெட்டையும். மிச்சம் எல்லாவற்றுக்கும் கருத்தடையும் ஊசியும் முடிந்தன.

மூன்று பெட்டைகளை ஆச்சியிடமே விட்டோம், அந்த ஆமணக்குக் காதுக்காரி உட்பட. கிழமைக்கு ஒருமுறை யாராவது போகிறோம், நாய்களைப் பார்க்க மட்டும் அல்ல. முதல் இரண்டு கிழமை ஆச்சி எங்களோடு கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை தேத்தண்ணி வைத்தார். "கொண்டுபோனதுகளைச் சாகக் குடுத்திடாதேங்கோ பிள்ளை" என்றார்.

கடுவன்கள் ஒரே கிழமையில் வீடு போய்விட்டன. பெட்டைகளுக்குப் படலை படலையாக ஏறி இறங்கினோம். கருத்தடை செய்தாயிற்று, இனிக் குட்டி போடாது என்று சொன்னால், "அப்ப சோம்பேறியாப் போயிடுமே, காவல் காக்காதே" என்பார்கள். அப்படி இல்லை. காவல் காப்பதற்கும் கருப்பைக்கும் தொடர்பு கிடையாது. கருத்தடை செய்த பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது, கடுவன்கள் வேலியில் வந்து நின்று சண்டை பிடிக்காது. ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி ஒருவர் அரைமனதோடு இரண்டைக் கொண்டுபோனார். ஒரு மாதம் கழித்து, விடிய ஐந்து மணிக்கு அவருடைய அழைப்பு. ஏதோ நடந்துவிட்டது என்று பதறி எடுத்தேன்.

"ரீச்சர், ராத்திரி ஆனை வந்தது. காவல் கொட்டிலில நான் நல்ல நித்திரை. அவள்தான் முதல் குரைச்சவள். வெளிச்சத்தை அடிச்சுப் பாத்தா, வேலிக்கு அங்கால நிக்குது."

இப்போது கணக்கு இதுதான். 26 நாய்களுக்கு வீடு கிடைத்துவிட்டது. ஏழு எங்களிடம் நிற்கின்றன. ஏழும் பெட்டை. ஏழுக்கும் கருத்தடை முடிந்தது, விசர்நாய் ஊசி போட்டாயிற்று, குட்டை ஆறி மயிர் வந்துவிட்டது. சோறும் கருவாட்டுத் தலையும் கொடுத்தால் தின்னும். வன்னியில் வயலும் வளவும் உள்ளவர்கள், இரவில் ஆனைக்குப் பயந்து விழித்திருக்கிறவர்கள், ஒன்றைக் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் வீட்டுப் பெட்டை அடுத்த ஈற்றுக்கு முன் மிருக வைத்தியரைப் பார்க்கட்டும். போன செவ்வாய்க்கிழமை காலை ஆச்சியின் படலையில் மறுபடியும் ஓர் உரப்பை தொங்கியது.