சப்ளையரைக் கைகாட்டித் தப்ப முடியாது

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளிலிருந்து வரும் கார்கள் பலவற்றின் தொடுதிரையில் ‘செட்டிங்ஸ்’ உள்ளே போய்ப் பார்த்தால், ஓப்பன் சோர்ஸ் உரிமங்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும். பொடி எழுத்தில் நீளும் அதை விற்றவரும் படிப்பதில்லை, வாங்கியவரும் படிப்பதில்லை. ஆனால், காசு கொடுக்காமல் எடுத்த மென்பொருளுக்கு விலை அந்த நிபந்தனைகள்தான்.

அந்த உரிமங்களில் ஒன்றான எல்ஜிபிஎல் 2.1-இன் கீழ் வரும் லைப்ரரியைச் சொந்த மென்பொருளுடன் இணைத்து விற்கலாம். சொந்த நிரலை வெளியிட வேண்டாம். பதிலுக்கு, லைப்ரரியின் பெயரை அறிவித்து, உரிம நகலும் மூல நிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும். வாங்கியவர் லைப்ரரியைத் திருத்தி மாட்டிக்கொள்ளவும் வழி வேண்டும். டைனமிக் லிங்க்கிங்கில் லைப்ரரி தனிக் கோப்பாக நிற்பதால் சிக்கல் குறைவு. ஸ்டாட்டிக் லிங்க்கிங்கில் இரண்டும் ஒன்றாகிவிடும். மறுபடி இணைக்க ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது தந்தாக வேண்டும். மீறினால் உரிமம் தானாக முடிந்துபோகும். பிறகு விற்பதெல்லாம் பதிப்புரிமை மீறல்.

உரிமத்தின் பதிப்பு எண்ணும் முக்கியம். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை கைபேசி தயாரித்த நோக்கியா, தான் வாங்கிய க்யூடி லைப்ரரியை 2009-இல் எல்ஜிபிஎல் 2.1-இன் கீழும் வெளியிட்டது. கைமாறிய க்யூடியின் பெரும்பகுதி 2016-இல் எல்ஜிபிஎல் 3-க்கு மாறியது. திருத்திய லைப்ரரியை நுகர்வோர் தன் சாதனத்தில் நிறுவத் தேவையான தகவலையும் கொடு என்கிறது அது. தயாரிப்பாளர் கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் கார் திரைகள் இடறுவது இங்கேதான்.

“பாகம் சப்ளையர் கொடுத்தது” என்பது செல்லாத பதில். சிஸ்கோ 2003-இல் வாங்கிய லிங்க்சிஸின் ரவுட்டர்களில் லினக்ஸ் நிரல் சிப் சப்ளையர் வழியே வந்தது. ஆனால், லிங்க்சிஸ் பொருட்களுக்காக 2008-இல் தொடுக்கப்பட்ட உரிம மீறல் வழக்கு சிஸ்கோ மீதுதான். உரிம நிபந்தனைகளைக் கவனிக்கத் தனி அதிகாரியை நியமிக்க ஒப்புக்கொண்டு, 2009-இல் அது சமரசத்துக்கு வந்தது.

ஒரு போல்ட்டைக்கூட டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாமல் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் ஏற்காத ஆலைகள், மென்பொருளை மட்டும் ஏன் கண்ணை மூடி வாங்க வேண்டும்? லைப்ரரிகளின் பட்டியல், உரிமப் பதிப்பு, மூல நிரல், பில்ட் ஸ்கிரிப்ட் ஆகியவை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இடம்பெறட்டும். இதற்கான நடைமுறையை ஐஎஸ்ஓ 5230 தரநிலை 2020 முதலே வகுத்துத் தந்திருக்கிறது. ஆர்டர் போடும்போது கேட்டால் சப்ளையர் கொடுத்தே தீர வேண்டும். வண்டி விற்ற பிறகு கேட்டால், கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம்.