சுவருக்குள் ஒளித்ததற்கு வரைபடம் எங்கே?

புதுவீடு கட்டி முடித்தால் திறப்பைத் தருகிறார்கள். கணக்குச் சிட்டையையும் தருகிறார்கள். சுவருக்குள் 230 வோல்ற் மின்சாரம் எவ்வழியே ஓடுகிறது என்று காட்டும் ஒரேயொரு தாளைத் தருவார் அரிது. இது கவனக்குறைவல்ல, பொறுப்பின்மை என்பேன்.

மட்டக்களப்பு வாவிக்கரையின் பழைய வீடுகளில் வயர் சுவரின்மேல் மரச்சட்டத்தில் ஓடியது. அழகில்லைதான். ஆயினும் எங்கே ஆணி அடிக்கக்கூடாது என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்தது. இன்று குழாயைப் புதைத்துப் பூசி மறைப்பதே நாகரிகம். சுவாமிப் படம் மாட்டுபவர் குருட்டு நம்பிக்கையில் துளையிடுகிறார்.

"கண்டுபிடிக்கக் கருவி உண்டே" என்பர். உலோகத்தைத் தேடும் எளிய கருவிக்குக் கொங்கிறீற்றுக் கம்பியும் வயரும் ஒன்றே. மின்னழுத்தத்தை மட்டும் உணரும் மலிவுக் கருவியோ, ஆளியை அணைத்ததும் மின்குமிழுக்குச் செல்லும் வயரைக் காட்டாது. மாரிமழையில் ஈரம் ஊறிய சுவரில் அது தவறாகக் காட்டவுங்கூடும்.

பிரித்தானிய வயரிங் விதிகள் இதற்கொரு ஒழுங்கு சொல்கின்றன: ஆழமின்றிப் புதைக்கும் வயர், ஆளியிலிருந்து நேர்மேலாக, நேர்கீழாக அல்லது கிடையாகவே செல்லவேண்டும், அல்லது சுவரின் மேல்விளிம்பு, மூலைகளிலிருந்து 150 மில்லிமீற்றருக்குள் அமையவேண்டும். குறுக்கே சாய்த்து இழுப்பவர் நாலு அடி குழாயை மிச்சம் பிடிக்கிறார். ஆபத்தை வீட்டுக்காரர் தலையில் கட்டுகிறார்.

தீர்வுக்குப் பெருஞ்செலவில்லை. பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரிலும் அளவுநாடாவைப் பிடித்துக் கைத்தொலைபேசியில் படமெடுத்தால் போதும். வீடு கட்டுவோரே, அந்தப் படங்கள் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடாதீர்கள். வீட்டுத்திட்டம் நடத்தும் நிறுவனங்களே, திறப்போடு அவற்றையும் கையளியுங்கள்.