கலைஞரிடம் கேட்கப்படாத கேள்விகள்

ஊத்துக்குளி என்றதும் வெண்ணெயும் நெய்யும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பெயர் இன்றும் மங்கிவிடவில்லை. எனினும் விடியற்காலையில் நம் ஊர்ச் சாலையில் நின்று பார்ப்பவர்க்குத் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளை நோக்கி விரையும் கூட்டமே முதலில் கண்ணிற்படும். அக்கூட்டத்தில் ஒருவர் நமக்கு நன்கு அறிமுகமான இளம் ஓவியர். அரசுக் கவின்கலைக் கல்லூரி ஒன்றில் முறையாகப் பயின்றவர். பகலில் பிரிண்டிங் பட்டறை ஒன்றில் டிசைன் வரைகிறார். இரவில் தமக்காக வரைகிறார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

சில மாதங்களுக்கு முன் நகரத்து இதழ் ஒன்றின் சார்பில் இருவர் வந்து அவருடன் நெடுநேரம் உரையாடினர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் நான்கு மணி நேரம் பேசினார். நாமும் உடனிருந்தோம். பின்னலாடை என்பது நெய்த துணியைப் போன்றதன்று. அது உடம்பின்மேல் விரியும். ஆகவே காகிதத்தில் நேராக நிற்கும் கோடு மார்பின்மேல் வளைந்துவிடும். அந்த வளைவையும் முன்கூட்டியே எண்ணி வரைய வேண்டும் என்று அவர் விளக்கினார். கறுப்புத் துணியில் மஞ்சள் மஞ்சளாகவே தெரிய வேண்டுமாயின் முதலில் அவ்விடத்தில் வெள்ளையை அடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பழக்கமே தம் ஓவியங்களிலும் நிறத்துக்கு அடியில் இன்னொரு நிறத்தை வைக்கத் தமக்குக் கற்பித்தது என்றார். கேட்டுக்கொண்டிருந்த நமக்கு, அவருடைய ஓவியங்களைப் பார்க்கும் கண்ணே அன்று புதிதாகக் கிடைத்தது.

அச்சில் வந்தபோது பார்த்தோம். பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. அவற்றுள் ஒன்பது அவருடைய மதத்தைப் பற்றியவை. வீட்டில் எதிர்ப்பு இருந்ததா? உருவம் வரைவது ஆகுமா? நாட்டு நிலைமை பற்றி அச்சம் உண்டா? முதலில் தமிழரா, முதலில் முஸ்லிமா? வளையும் கோட்டைப் பற்றியோ, மஞ்சளுக்கு அடியில் இருக்கும் வெள்ளையைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை. தலைப்பில் பிறை இருந்தது. ஓவியம் என்ற சொல் இல்லை.

இது ஓர் இதழின் தவறு மட்டுமாயின் நாம் எழுதப் புகுந்திருக்க மாட்டோம். கலைஞருடன் நீண்ட நேரம் அமர்ந்து உரையாடி அதனை வெளியிடுவது அரிய பணி. ஆனால் அப்பணி இன்று பெரும்பாலும் அடையாளம், பண்பாடு என்னும் இரண்டு சொற்களைக் கையிற் பிடித்துக்கொண்டு கலையை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே நுழைகிறது. சிறுபான்மைக் கலைஞரிடம் வரும்போது இக்குறை இன்னும் பெருகிவிடுகிறது. இதனை நாம் மறுக்கிறோம். காரணமும் சொல்லுகிறோம்.

நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவை எடுத்துக்கொள்வோம். 1924இல் ஆந்திரத்துக் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த குடும்பத்தில் பிறந்தவர். நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றவர். திருவரங்கத்தைத் தம் ஊராக்கிக்கொண்டவர். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1999இல் மறைந்தவர். அவரைப் பற்றி நாம் படித்தவற்றுள் பெரும்பாலானவை 'முஸ்லிம் ஒருவர் அரங்கனின் ஊரில் நாதஸ்வரம் வாசிக்கிறார்' என்னும் வியப்பில் தொடங்கி அந்த வியப்பிலேயே முடிந்துவிடுகின்றன. தெலுங்கு நாட்டுப் பயிற்சியோடு வந்த ஒருவர் தஞ்சாவூரின் ராக ஆலாபனையைத் தம் மூச்சுக்குள் கொண்டுவர எதை மறந்தார், எதைப் புதிதாகப் பழகினார்? தமக்கேற்ற சீவாளியை எப்படித் தேர்ந்தார்? இவற்றைக் கேட்டிருந்தால் இன்று நாதஸ்வரம் பயிலும் பிள்ளைக்கு ஒரு பாடம் மிஞ்சியிருக்கும். வியப்பினால் அப்பிள்ளைக்கு என்ன பயன்?

எம்.எஃப். ஹுசைனின் கதை இன்னும் கசப்பானது. 1915இல் பண்டர்பூரில் பிறந்து, பம்பாய்த் தெருக்களில் சினிமா விளம்பரப் பலகை எழுதியும், விளையாட்டுப் பொம்மைகளுக்கும் மரச்சாமான்களுக்கும் வடிவம் வரைந்தும் பிழைத்தவர் அவர். ராம் மனோகர் லோகியாவின் தூண்டுதலால் இராமாயணக் காட்சிகளை வரிசையாகத் தீட்டியவர். 1967இல் அவர் எடுத்த குறும்படம் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடிப் பரிசு பெற்றது. இத்தகையவரிடம் 1996ஆம் ஆண்டுச் சர்ச்சைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகளைத் தொகுத்துப் பாருங்கள். நாம் படித்த நேர்காணல்களில் வழக்கு, மன்னிப்பு, மதம் என்னும் மூன்றையும் தாண்டி வந்தவை மிகச் சில. ஆளுயரத்துக்கு மேற்பட்ட பலகையில் விரைந்து எழுதிய கைதான் பின்னாளில் அந்தப் பாயும் குதிரைகளின் கோட்டைப் போட்டதா என்று கேட்டவர் எத்தனை பேர்? 2006இல் நாட்டை விட்டுச் சென்ற அவர், 2010இல் கத்தார் நாட்டுக் குடியுரிமையை ஏற்று, 2011 ஜூன் 9 அன்று லண்டனில் கண்மூடினார். இனி யாரும் கேட்க முடியாது.

2008இல் அவர்மீதிருந்த வழக்குகளைத் தில்லி உயர்நீதிமன்றத்தில் தள்ளுபடி செய்த நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், 2016இல் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து, நம் கொங்கு நாட்டு எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வழக்கிலும் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பளித்தார். இரண்டு தீர்ப்புகளும் படைப்பு என்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்று பொறுமையாக ஆராய்ந்தன. நீதிமன்றத்துக்கு வாய்த்த இந்தப் பொறுமை இலக்கிய இதழ்களுக்கு ஏன் வாய்க்கவில்லை என்று வினவுவது குற்றமா?

'அடையாளம் பற்றிக் கேட்கவே கூடாதா? கலைஞன் வானத்திலிருந்தா குதித்தான்?' என்று சிலர் எதிர்க்கேள்வி போடுவர். நியாயமான கேள்வியே. நாமும் அடையாளத்தை மறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது கலைஞனின் பெயரில் இருப்பதைவிடப் படைப்பில் ஆழமாக இருக்கிறது. ஆகவே படைப்பின் வழியாகச் சென்று கேளுங்கள் என்கிறோம். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடியபோது, மழை பொழிவதும் ஆறு பெருகுவதும் வயல் விளைவதுமான தமிழ் நிலத்தையே அங்கே கொண்டுபோய் வைத்தார். தமிழரா முஸ்லிமா என்னும் கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை உண்டோ? அந்த விடை நாட்டுப் படலத்தின் வருணனையில் இருக்கிறது. அதைப் படிக்காமல் புலவரை எதிரில் உட்காரவைத்து விசாரித்தால் அவர் என்ன சொல்லியிருக்க முடியும்?

நம் காலத்திலும் சான்று உண்டு. அலிகாரில் 1937இல் பிறந்து, கணிதம் படித்து, பாரிசில் அச்சோவியம் பயின்று, நியூயார்க்கில் வாழ்ந்து 2020இல் மறைந்த ஸரினா, 1999இல் 36 மரச்செதுக்கு அச்சோவியங்கள் கொண்ட வரிசை ஒன்றைப் படைத்தார். வீட்டைக் குறிக்கும், வீட்டோடு இணைந்த உருதுச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சில கோடுகளால் ஆன ஓர் உருவம் கொடுத்தார். பிரிவினையில் சிதறிய ஒரு குடும்பத்தின் துயரமும், தேய்ந்துவரும் ஒரு மொழியின் துயரமும் அந்தக் கோடுகளில் இருக்கின்றன. மரத்தைப் பற்றியும் காகிதத்தைப் பற்றியும் கேட்கத் தொடங்குபவர் தாமாகவே அந்தத் துயரத்துக்கு வந்து சேர்வார்.

பிறரைச் சாடிவிட்டு நம்மை விட்டுவிடுவது நேர்மையாகாது. நம் சமுதாய இதழ்கள் செய்தது என்ன? கலைஞர் ஒருவர் பரிசு பெற்றால் 'நம்மவர்' என்று படம் போடுகிறோம். பரிசு பெறும் வரை அவரிடம் நமக்கு இரண்டே கேள்விகள்: இது கூடுமா? இதில் வருமானம் உண்டா? மார்க்க அறிஞர்கள் பேச வேண்டியதை அவர்கள் பேசட்டும். ஆனால் எழுத்தணியும் கட்டடக் கலையும் பாய் நெசவும் நம் வீடுகளில் காலங்காலமாக வாழ்ந்தவை. பத்தமடையில் கோரையைத் தாமிரபரணி நீரில் ஊறவைத்து, பட்டுப்போல் மெல்லிய இழையாகப் பிளந்து பாய் நெய்யும் முஸ்லிம் பெண்ணிடம் நம் இதழ் எதுவும் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பேசியதுண்டா? அவருக்கு 'நேர்காணல்' வேண்டாம், உதவித்தொகை போதும் என்று நாமே தீர்மானித்துவிட்டோம். நகரத்து இதழ் மதத்தை மட்டும் பார்த்தது. நாமோ வறுமையை மட்டும் பார்த்தோம். கலையை இருவருமே பார்க்கவில்லை.

தொழிலும் கலையும் வேறு என்னும் எண்ணமே இதற்கு வேர். திருப்பூரில் பின்னலாடைத் தொழிலுக்கு 1925இல் வித்திட்டவர் குலாம் காதர் என்னும் முஸ்லிம் வணிகர் என்று அவ்வூரின் தொழில் வரலாறு கூறுகிறது. நூறாண்டாகத் துணியோடு வாழும் மண் இது. இம்மண்ணில் கலை இல்லை, கம்பெனிதான் உண்டு என்பவர்களுக்குச் சோழமண்டலத்தை நினைவூட்டுகிறோம். கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சென்னை ஓவியர்கள் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் தங்கள் கிராமத்தை அமைத்தபோது, நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? அவர்கள் பாத்திக் முறையில் துணிக்குச் சாயமேற்றி விற்ற பணமே நிலமாயிற்று. தென்னாட்டு நவீன ஓவியத்தின் பேரில்லம் துணியின்மேல் எழுந்ததாயின், ஊத்துக்குளியிலிருந்து பட்டறைக்குப் போகும் ஓவியரின் துணியறிவு மட்டும் கேட்கத் தகாததாகிவிடுமோ?

உரையாடல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் முன்மாதிரி இல்லாமலில்லை. ஆங்கிலக் கலை விமர்சகர் டேவிட் சில்வெஸ்டர், ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கனுடன் 1962இல் பேசத் தொடங்கினார். இருபதாண்டுகளுக்கும் மேலாக மீண்டும் மீண்டும் பேசினார். 1975இல் அது நூலாக வந்து, பின்னர் மேலும் விரிந்தது. புகைப்படத்தை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள், தற்செயலாக விழுந்த வண்ணத்தை எப்போது விட்டுவைக்கிறீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். அந்தக் கேள்விகளின் வழியே மரணம், நம்பிக்கையின்மை, தனிமை எல்லாம் தாமாக வந்தன.

அத்தனை ஆண்டுகள் நமக்கு வேண்டாம். சிலவற்றையேனும் செய்வோம். கேள்வி எழுதுவதற்குமுன் படைப்புகளைப் பார்ப்போம். கலைஞர் வேலை செய்யும் இடத்துக்கே செல்வோம். முதற்கேள்வி கையைப் பற்றியதாக இருக்கட்டும். மதத்தைப் பற்றிக் கேட்பதாயின் பெரும்பான்மைச் சமயத்துக் கலைஞரிடமும் அதே கேள்வியை அதே தொனியில் கேட்போம். அங்கே கேட்க நாக்கூசுமாயின் இங்கேயும் விடுவோம். அச்சுக்குப் போகுமுன் உரையாடியவரிடம் படித்துக்காட்டுவோம். கூலிக்கு வேலை செய்பவராயின் அவர் இழந்த ஒரு நாள் கூலியை இதழ் கொடுக்கட்டும். எழுதுபவருக்குச் சன்மானம் உண்டெனில் பேசியவருக்கு மட்டும் ஏன் இல்லை?

நம் ஓவிய நண்பர் அந்த இதழைப் படித்துவிட்டுக் கோபப்படவில்லை. 'நான் பேசினது யாருக்கும் புரியலைபோல இருக்குது' என்றார். அவ்வளவுதான். அதன்பின் வேறோர் இதழ் அழைத்தபோது வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டார். இரவில் இன்னும் வரைகிறார். கட்டிங்கில் மிஞ்சிய துணித்துண்டுகளைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதன்மேல் வரைகிறார்; இழுப்பு தளரும்போது உருவம் மெல்லச் சுருங்கி வேறொன்றாகிறது. அது ஏன் என்று அவரிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. இன்ஷா அல்லாஹ், அந்தக் கேள்வியோடு நாம் அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போகிறோம். அவர் கதவைத் திறக்க வேண்டும்.